கணீர் மாமாவின் காது

எங்கள் மாமாவுக்கு இருந்த இரண்டு காதுகளில் ஊருக்கே பங்கு இருந்தது. ஒதியம்பட்டில் மாடு விற்றவன், மணிலாக்கொட்டை விற்றவன், பெண்ணுக்குப் பரிசம் வாங்கியவன், யாராக இருந்தாலும் சரி, கைக்கு வந்த வெள்ளி ரூபாயை மடியில் முடிவதற்கு முன்னால் அவரிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். மாமா காசைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து ஒரு சுண்டு சுண்டுவார். அது மேலே போய்ச் சுழன்று கீழே வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து நிற்பார். பூசாரியே அவ்வளவு பவ்வியமாகச் சாமி வாக்குக் கேட்டு நான் பார்த்ததில்லை. கணீரென்று பேசினால் நல்ல காசு. குரல் கொஞ்சம் கம்மினாலும் ஈயம் கலந்த கள்ளக்காசு என்று திருப்பி நீட்டிவிடுவார். இதனாலேயே ஊரில் அவருக்குக் 'கணீர்' என்று பேர் விழுந்துவிட்டது. அவருடைய சொந்தப் பேரைச் சொல்லி வீடு கேட்டால் அடுத்த தெருக்காரனுக்கே தெரியாது.

அவர் என் அம்மாவுக்குத் தம்பி. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டுக்கு ஆண்பிள்ளை என்று இருந்தது அவர் ஒருவர்தான். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவரே, அந்தச் சம்பந்தத்தைக் கெடுக்கப் பார்த்ததும் அவரே. கெடுத்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைத்து எழுதினால் இந்த வயதில் எனக்கு நல்ல சாவு வராது.

எங்கள் பக்கத்துக் காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். வில்லியனூர் மேரி ஆபீஸில், அதாவது முனிசிபல் கச்சேரியில், பறந்தது அவனுடைய மூவர்ணக் கொடி. ஆனால் மடியில் முடிந்த காசில் இருந்த முகமெல்லாம் இங்கிலீஷ்காரனுடைய முகம். புதுச்சேரி பேங்கில் பிரெஞ்சுக்காரன் அச்சடித்த காகித நோட்டும் உண்டுதான். அதை எங்கள் ஊர்க்காரர்கள் ஒருநாளும் நம்பவில்லை. மழையில் நனைந்தால் போச்சு, எலி கடித்தால் போச்சு, அது ஒரு பணமா? வெள்ளி ரூபாய் என்றால்தான் பணம். அதிலும் வகை இருந்தது. முக்காடு போட்ட கிழவி இருந்தால் ராணி காசு. கிரீடம் இல்லாமல் வழுக்கையோடு இருந்தால் மொட்டைத்தலை ராஜா காசு. அவருக்குப் பிறகு வந்தவர் தாடி ராஜா. மாமாவுக்கு ராணி காசு மேல்தான் ஆசை. "அந்தக் கெழவி தொண்டை இந்த ஆம்பளைங்க எவனுக்கும் வராதுடி" என்பார். ஒரு சொம்பு நிறைய ராணி காசு சேர்த்து அடுப்பங்கரையில் புதைத்து வைத்திருந்தார். புதைத்த இடம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதாவது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

எனக்கு அப்போது எட்டு வயசு. வாய்க்கு மட்டும் எண்பது வயசு. மாமா காசு சுண்டுகிற இடத்தில் எல்லாம் நானும் போய்த் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பேன். அவர் சொல்வதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டு "கணீர்!" என்றோ "ஈயம்!" என்றோ கத்துவேன். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். மாமா முகம் பெருமையில் பூரித்துப்போகும்.

அக்காவுக்கு மடுகரையில் மாப்பிள்ளை அமைந்தது. வெல்லம் காய்ச்சுகிற குடும்பம், கரும்புக் கொல்லை நிறைய. மடுகரை எங்களைப் போலவே பிரெஞ்சுக்காரன் ஊர்தான் என்றாலும், அந்த ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் கால் வைத்தாலும் இங்கிலீஷ்காரன் மண். அவர்கள் வெல்லம் விற்றதும் பண்ருட்டி சந்தையில்தான். மாப்பிள்ளையை அக்கா வில்லியனூர் தேரன்றைக்கு ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள். தேர் வடத்தில் கை வைத்து இழுத்தாராம். அன்றிலிருந்து அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவுங்க வேட்டி கரை இன்னா கலர்டி? பாத்தியா நீ?" என்று நூறு தடவை கேட்டிருப்பாள். ஒருநாள் பச்சை என்றேன், ஒருநாள் சிவப்பு என்றேன். எது சொன்னாலும் சந்தோஷப்பட்டாள்.

ஆவணி மாதம் பரிசம் போட வந்தார்கள். யுத்தம் தொடங்கி மறுவருஷம் அது. பிரான்ஸையே ஜெர்மன்காரன் பிடித்துவிட்டானாம், நம்மை இனிமேல் யார் ஆளுவது என்று பெரியவர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கிருந்த கவலையெல்லாம் வடையைப் பற்றித்தான்.

எங்கள் ஜாதியில் அப்போது மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பணம் கட்டவேண்டும். ஐம்பத்தோரு ரூபாய் பரிசம். அதை மாப்பிள்ளையின் அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, பெண்ணின் தாய்மாமன் வாங்கி, சந்தனம் அரைக்கிற கல்லைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தட்டிப் பார்த்துத் தாம்பாளத்தில் வைக்கவேண்டும். மற்ற வீடுகளில் இது சும்மா ஒரு சாங்கியம். மூன்று காசைத் தட்டிவிட்டு மீதியைக் கொட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலோ தாய்மாமன் கணீர். மேளக்காரரைக் கையமர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, சட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. நான் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நாற்பத்திரண்டு காசு கணீர் கணீரென்று பேசித் தாம்பாளத்துக்குப் போனது. நாற்பத்து மூன்றாவது காசு கல்லில் விழுந்து 'டொப்' என்றது. மாமா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். புத்தம் புதுக் காசு. முகமும் புதுசு. தாடியும் இல்லை, மீசையும் இல்லை, மொழுமொழுவென்று ஒரு ராஜா. மறுபடி போட்டார். டொப். அடுத்த காசும் அதே ராஜா, அதே டொப். கடைசிவரை ஒன்பதும் அப்படியே.

"இன்னா சம்பந்தி இது?" என்றார் மாமா.

மடுகரைப் பெரியவர் நல்ல ஆகிருதி, கரகரத்த குரல். "சந்தையில வெல்லத்துக்குக் குடுத்த காசு. ஏன்?" என்றார்.

அம்மா கதவோரத்திலிருந்து, "தம்பி, அப்பறமா பாத்துக்கலாம் வுடுப்பா" என்று கெஞ்சினாள். மாமா விட்டிருப்பாரோ என்னமோ. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ தடவை பார்க்கிற பார்வைதான். நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா? "ஈயம்! ஈயம்!" என்று கையைத் தட்டிக் குதித்தேன். பந்தலில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு மாமாவுக்கு ஏறிவிட்டது. "கள்ளக்காசு குடுத்துப் பொண்ணு கேக்கறதா? ஒம்போது ரூவா ஈயம்யா இது!" என்று சபையில் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

மடுகரைப் பெரியவர் துண்டை உதறி விரித்தார். தாம்பாளத்தில் இருந்த காசையெல்லாம் அள்ளித் துண்டில் போட்டு முடிந்தார். எழுந்தார். அவர் பின்னால் மொத்தக் கூட்டமும் எழுந்தது. பூ வைத்த தட்டு, பழம் வைத்த தட்டு எல்லாம் வந்த வழியே வண்டி ஏறின. வடை மட்டும் மிச்சம். நான் ஆறு வடை தின்றேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பரிசம் நின்ற பெண் என்றால் அப்போதெல்லாம் பாதி விதவை மாதிரி. அதற்குப் பிறகு பெண் பார்க்க வருவதாகச் சொன்ன இரண்டு இடம் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. "மடுகரைக்காரன் ஏன் எழுந்து போனான்? ஏதோ இருக்கப் போய்த்தானே?" என்று பேச்சு. அக்கா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள். என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டாள். பரிசப் புடவை கை நழுவிப் போன கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் தீபாவளிப் பாவாடைத் துணியில் பாதி தருகிறேன் என்று அவளிடம் சொல்லக்கூட செய்தேன்.

அந்தப் பாவாடைத் துணி வாங்கத்தான் ஐப்பசியில் மாமா என்னை வில்லியனூருக்குக் கூட்டிப்போனார். கடைவீதியில் ராவுத்தர் ஜவுளிக்கடை. ராவுத்தருக்கும் மாமாவுக்கும் வெகுநாள் சிநேகம். துணியைக் கிழித்து மடித்துக் கொடுத்துவிட்டு, பாக்கிச் சில்லறையோடு ஒரு ரூபாயையும் நீட்டினார். பழக்கதோஷம், மாமா அதைச் சுண்டினார். டொப்.

"இன்னா பாய், எனக்கே ஈயமா?" என்று சிரித்தார் மாமா.

ராவுத்தர் சிரிக்கவில்லை. கல்லாப் பெட்டியைத் திறந்து ஒரு கை ரூபாயை அள்ளிப் பலகை மேல் கொட்டினார். எல்லாமே அந்த மொழுமொழு ராஜா. எல்லாமே டொப் டொப் என்று விழுந்தன.

"சர்க்கார் காசுதாண்ணே இது. உங்களுக்குச் சேதி தெரியாதா? யுத்தச் செலவுக்கு வெள்ளி பத்தலியாம். பாதி வெள்ளி போட்டு, மீதி செம்பு கிம்பெல்லாம் கலந்து அடிக்கிறான் இங்கிலீஷ்காரன். அங்கல்லாம் தண்டோரா போட்டாச்சு. நமக்குத்தான் எல்லாம் கடைசியா வந்து சேருது" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ராணி காசு இருந்தா அப்பிடியே வெச்சிக்காதீங்கண்ணே. அது இனிமே செல்லாதுன்னு சொல்லப் போறானாம். ஆசாரிகிட்ட குடுத்து உருக்கிடுங்க, வெள்ளி வெலையாவது நிக்கும்" என்றார்.

கணீரென்று பேசுகிறது செல்லாதாம், டொப் என்று விழுகிறது செல்லுமாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமா கடைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல மனுசனைச் சபையில வெச்சித் திருடன்னு சொல்லிட்டேனே பாய்" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கார்த்திகையில் வண்டி கட்டிக்கொண்டு மடுகரைக்குப் போனோம். அம்மா, மாமா, நான். என்னை விட்டுவிட்டுப் போகத்தான் பார்த்தார்கள். நான் வண்டிச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் இரண்டு இடத்தில் இங்கிலீஷ்காரன் சுங்கச்சாவடி. சேவகன் வைக்கோலைக் குத்திக் குத்திப் பார்த்தான். சேவகனுக்குப் பதில் சொன்னபோதுகூட மாமாவின் மனசு அங்கே இல்லை. போய்ச் சேருகிறவரைக்கும், சர்க்கார் வெள்ளியைக் குறைத்த கதையை எப்படி ஆரம்பித்து எப்படி முடிப்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மடுகரைப் பெரியவர் வாசல் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பங்காளிகள் பத்துப் பேர். எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றாள்.

மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சம்பந்தி, தப்பு நடந்துபோச்சி. சர்க்கார் இந்த வருசம் வெள்ளியக் கொறச்சி..." என்று தொடங்கினார்.

"சர்க்கார இங்க இழுக்காத" என்றார் பெரியவர். "அன்னிக்கு உங்க சபைக்குச் சர்க்கார் வந்து என்னைத் திருடன்னு சொல்லல. நீதான் சொன்ன. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. என் காசு கெட்டதா, உன் காது கெட்டதா?"

மாமா இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். எனக்கோ உள்ளுக்குள் துடித்தது. இவ்வளவு சுலபமான கேள்விக்கு என்ன யோசனை? காசில் பாதிதான் வெள்ளி. மாமாவின் காது அதைச் சரியாகச் சொன்னது. சர்க்கார் ஊரையெல்லாம் ஏமாற்றப் பார்த்தது, மாமாவின் காது மட்டும் ஏமாறவில்லை. அதைச் சொல்லவேண்டியதுதானே? சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"காதுதாங்க கெட்டுப்போச்சி" என்றார். "ஒரு வருசமாவே சரியா கேக்கல. வெளிய சொன்னா கௌரவக் கொறச்சல்னு மறைச்சி வெச்சிருந்தேன். அந்தக் கேட்டுக்கு உங்களைப் பலி குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

"பொய்!" என்று நான் கத்தினேன். "மாமாவுக்கு நல்லா..." அதற்குள் அம்மாவின் கை என் வாயைப் பொத்திவிட்டது. இன்னொரு கை தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது.

பெரியவர் மாமாவை உற்றுப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, வாய் அசைவதே தெரியாமல், "மோர் சாப்பிடறியாப்பா?" என்று மெல்லக் கேட்டார். எனக்கு நன்றாகக் கேட்டது. மாமா அசையாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் இன்னொரு தடவை கேட்டார். மாமா அப்போதும் நிமிரவில்லை. பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார், பங்காளிகளும் சேர்ந்து சிரித்தார்கள். "அட பாவமே! நெஜமாவே டமாரச் செவிடு! இவன் போயி ஊருக்கே காசு பாத்துச் சொன்னானா? எலே, மோர் எடுத்தா, ஒரு குண்டான் எடுத்தா!" என்று மாமாவின் காதருகில் வந்து கத்தினார். தை மாதத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் மாமாவைப் பிடித்து உலுக்கினேன். "ஏன் மாமா பொய் சொன்ன? உன் காது நல்லாத்தானே கீது?" மாமா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "இன்னாடி சொல்ற? ஒண்ணும் கேக்கல" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாள் நான் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டபோது திரும்பவே இல்லை. ஊரில் யாராவது ரூபாயை நீட்டினால், "எனக்கு எங்கடா கேக்குது? வேற யாரையாவது பாரு" என்று கையை விரித்துவிடுவார். இந்த ஊருக்கும் மடுகரைக்கும் தினம் ஆள் போய்வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளில் மாட்டுச் சந்தைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கணீர் என்ற பேர் போய் டமாரம் என்ற பேர் வந்தது. ராணி காசுச் சொம்பைத் தோண்டி எடுத்து ஆசாரியிடம் கொடுத்து, அக்காவுக்குக் கொலுசும் வெள்ளிக் குத்துவிளக்கும் செய்துவிட்டார். ஆசாரி வீட்டில் காசுகளை உருக்குகிற மண்குகையில் போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவை ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கணீர் கணீரென்று பேசின. மாமா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாமா பொய் சொன்னார் அல்லவா? அதற்குத் தண்டனையாகச் சாமி நிஜமாகவே காதைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. இதில் என்ன சந்தேகம்? எனக்கு அவர் மேல் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. சரியாகச் சொன்ன ஒரு காதைத் தப்பு என்று சொல்லி, அதையும் இழந்துவிட்டு, மோர் குடித்துவிட்டு வந்தாரே என்று.

தையில் கல்யாணம். மடுகரைக்காரர்களுக்கு மாமா ஒரு வேடிக்கைப் பொருள் ஆகிவிட்டார். பந்தலில் அவரைப் பார்த்தவன் எல்லாம் காதருகில் போய்க் கத்தினான். "மாமோவ், சாப்புட்டியா?" "டமாரம், தண்ணி கொண்டா!" பெரியவரும் கத்தினார், பொடிப்பயல்களும் கத்தினார்கள். மாமா எல்லாவற்றுக்கும் சிரித்துச் சிரித்து, கேட்காத பாவனையில் ஏதாவது சம்பந்தமில்லாமல் பதில் சொல்லி, இன்னும் சிரிக்க வைத்துக்கொண்டு பந்தி பரிமாறினார். நான் மட்டும் எதற்குச் சும்மா இருக்கவேண்டும்? தாலி கட்டி முடிந்து அக்கா மணவறையை விட்டு இறங்கி வருகிற நேரம் பார்த்து, மாமாவின் பின்னால் போய், இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, "செவிட்டு மாமா! செவிட்டு மாமா!" என்று கத்தினேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

யாரோ என் சடையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் அக்கா. கழுத்தில் மாலையோடு, புது மஞ்சள் கயிற்றோடு, மடுகரைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கல்யாணப் பெண் என் உச்சந்தலையில் நங்கென்று ஒரு குட்டு குட்டினாள். மாதக்கணக்கில் என்னோடு பேசாமல் இருந்தவள் எனக்குச் செய்த முதல் மரியாதை அது. அவள் கண்ணிலிருந்து மை கரைந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு வலியைவிட அநியாயம்தான் பெரிதாகத் தெரிந்தது. ஊரே கத்தியது, குட்டு எனக்கு மட்டுமா? "மாமாவுக்குத்தான் காதே கேக்காதே! நான் சொன்னா அவருக்கு இன்னாவாம்?" என்று ஓவென்று அழுதேன்.

அக்கா என் சடையை விட்டாள். புருஷன் வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால், அம்மா காலில்கூட இன்னும் விழாதவள், சோற்றுக் கூடையோடு நின்றிருந்த மாமாவின் காலில் போய் விழுந்தாள்.